முதல் நடை ஜீப்பும் மூன்று நிற ரிப்பன்களும்

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். இலங்கை மலைநாட்டில் இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. ஆனால் காய் உச்சியிலும் இல்லை, இடுப்பிலும் இல்லை. தூரடியில், மண்ணில் படர்ந்து கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. முதல் நாள் நான் குனிந்து குனிந்து எடுத்தேன். "உக்காந்து எடுத்தா, இடுப்பு விட்டுப்போகும்" என்று கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கோ உட்காரப் பயம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை நேரத்தில் உட்கார்ந்தவளைக் கங்காணி சும்மா விட்டதாகச் சரித்திரமே இல்லை. மெல்ல உட்கார்ந்துவிட்டு, யாராவது ஏச வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அட்டைதான் வந்தது.

எழுபதுகளின் பின்பாதியில், தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களில் நாங்களும் இருவர், நானும் என் வீட்டுக்காரர் சிவலிங்கமும். மண்டபம் முகாமில் இருந்தபோது, போடிநாயக்கனூருக்கு மேலே ஏலமலையில் வேலைக்குப் பஞ்சமில்லை என்று யாரோ சொன்னார்கள். அந்த 'யாரோ'வை நம்பித்தான் வந்தோம். நம் பக்கத்து மலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் தடவிச் சீவிய தலைபோல வரிசை வரிசையாய், மேலே முழு வானம். இங்கே தோட்டம் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுக்குள் விட்டார்கள். பெரிய பெரிய மரங்கள், அவற்றின் நிழலில் ஏலம். "தோட்டம் எங்கே?" என்று கேட்டேன். "நடுத் தோட்டத்துல நின்னுக்கிட்டுக் கேக்குறா பாரு" என்றார்கள். அன்றிலிருந்து என் பேர் தங்கமணி என்பது யாருக்கும் ஞாபகமில்லை. சிலோன்காரி ஆகிவிட்டேன். அங்கே இருந்தவரை எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். கடலைத் தாண்டியதும் பட்டம் மாறிவிட்டது.

அங்கே லயத்து வீட்டுக்கு வெளியே கால் வைத்தால் தோட்டம். இங்கே குடியிருப்பது கீழே போடியில், வேலை மேலே போடிமெட்டுக்கு அப்பால். நடுவில் கொண்டை ஊசி வளைவுகளாய் மலைப்பாதை. விடியும் முன்பே ஜீப்பு வந்து நிற்கும், ஆட்களை இரண்டு நடையாக ஏற்றிப் போகும். முதல் நடையில் போகிறவர்களுக்குப் பக்கத்துக் காடு, பதமான நிழல். இரண்டாம் நடையில் போகிறவர்களுக்கு எஞ்சியிருப்பது மேட்டுக் காடுதான். செங்குத்தான சரிவு, அட்டை கொட்டிக் கிடக்கும். முதல் நடையில் உள்ளே இடம் யாருக்கு என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. பழைய ஆட்கள் உள்ளே உட்காருவார்கள், புதிதாக வந்தவர்கள் பின்னால் படியில் தொற்றிக்கொள்வார்கள். அதிலும் ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள மூலை இடம் வீராயி பெரியம்மாவுடையது. ஐம்பது வயதிருக்கும். மலைக்கு ஜீப்பு வருவதற்கு முன்பே, குரங்கணிப் பாதையில் நடந்தே ஏறி இறங்கியவர். அந்த மூலையில் ஈகூட அவரைக் கேட்டுவிட்டுத்தான் உட்காரும். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். அதுவரை பரவாயில்லை. எனக்கு ஐந்தாம் மாதம் ஆனபோதுதான் ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் உயிர் வந்தது. ஜீப்பு திரும்பும்போது என் ஒரு கை கம்பியில் இருக்கும், மறு கை வயிற்றில் இருக்கும்.

அந்த நாட்களில்தான் எங்கள் தெருவில் முதியோர் கல்வி வகுப்பு தொடங்கியது. ஞாயிறு மதியம், ஆரம்பப் பள்ளியின் ஓர் அறை. சொல்லிக்கொடுக்க வந்தவள் ராசிங்காபுரத்துப் பெண், ஜெயந்தி. வயல்காட்டுக் குடும்பம், கல்லூரிப் படிப்பு முடித்த கையோடு வந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள், ஆனாலும் எல்லாருக்கும் டீச்சர். எழுத்து தெரிந்தவர்களும் அந்த வகுப்புக்குப் போனோம், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை வேறு சோலி இல்லை. ஒரு வாரம் அவள் ஒரு பையுடன் வந்தாள். மதுரையில் பயிற்சி கொடுத்த இடத்தில் கற்றுக்கொண்ட விளையாட்டாம். அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும், ஆடிப் பார்த்தால் புரியும் என்றாள். பைக்குள் பச்சை, சிவப்பு, வெள்ளை ரிப்பன் துண்டுகள். பச்சை எடுத்தால் சட்டசபை, சட்டம் போடலாம். சிவப்பு எடுத்தால் மந்திரிசபை, போட்ட சட்டத்தை நடத்தி வைக்கலாம். வெள்ளை எடுத்தால் நீதிமன்றம், வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்லலாம். ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைத்தால் அவள் விசில் ஊதுவாள். நாட்டுக்குக்கூட ஒரு பேர் வைத்திருந்தாள், ஏலநாடு.

கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கைவிட்டோம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பச்சை. ஜீப்பு ஓட்டும் பாண்டி அண்ணனுக்குச் சிவப்பு, அதிலும் பெரிய சிவப்பு, முதலமைச்சர். வெள்ளை ரிப்பன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வீராயி பெரியம்மா கையில் வந்தது. "நாந்தான் கோர்ட்டா? அப்ப ஒருத்தரும் தப்பிக்க முடியாது" என்று சேலையில் குத்திக்கொண்டார். மந்திரிகள் பதவியேற்க வேண்டும் என்றாள் டீச்சர். சபை போடும் சட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றுவேன் என்று வாயால் சொன்னால் போதும். பாண்டி அண்ணனுக்கு அது போதவில்லை. "வெறும் வாயால சொல்றது சத்தியமா டீச்சர்?" என்று எதிர்க் கடைக்கு ஓடிப்போய்ச் சூடம் வாங்கி வந்தார். சிலேட்டின் மேல் ஏற்றினார். "சபை போடுற சட்டத்த நிறைவேத்துவேன்" என்று உரக்கச் சொல்லி உள்ளங்கையால் படாரென்று அடித்து அணைத்தார். டீச்சர் கைதட்டிச் சிரித்தாள். அவள் படித்தவள், அதை நடிப்பு என்று நினைத்துவிட்டாள். இந்தப் பக்கத்தில் சூடம் அடித்த பிறகு சொன்ன சொல்லை மாற்றினால், அவன் வீட்டில் ஒருவரும் கை நனைக்கமாட்டார்கள். விளையாட்டு அந்த நிமிடமே முடிந்துவிட்டது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

முதல் சட்டத்தை டீச்சரே கொடுத்தாள். தெருவில் குப்பை போடக்கூடாது. எல்லாரும் கை தூக்கினோம், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "இப்படியா சட்டசபை இருக்கும்? உங்களுக்கு வேண்டிய சட்டத்தை நீங்களே கொண்டுவாருங்கள்" என்றாள். என் வீட்டுக்காரர் எழுந்தார். அங்கே எங்கள் தோட்டத்தில் அவர் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத் துரை முன்னால் நின்று பேசிப் பழகியவர். வந்த நாளிலிருந்து வாயைக் கட்டிப் போட்டிருந்தவருக்கு அன்று ஒரு பச்சை ரிப்பன் போதுமாயிருந்தது. "சபைக்கு வணக்கம்" என்று தொடங்கியபோது அவர் குரலே வேறாக இருந்தது. பிள்ளைத்தாச்சிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் முதல் நடை ஜீப்பில் உள்ளே இடம் கொடுக்க வேண்டும், அந்த மூலை இடத்தில் தொடங்கி, என்று முடித்தார்.

ஒருவர் எழுந்து, அப்படியானால் பழைய ஆட்களின் மரியாதை என்ன ஆவது என்றார். பச்சை ரிப்பன்காரியான இன்னொரு பெண், இந்த ஊர்க்காரி, அவரை உட்காரச் சொன்னாள். "எம் மூத்தவன் மலையடியில முந்தல்கிட்ட ரோட்டோரமாப் பொறந்தவன். பின்னாடி தொத்திக்கிட்டுப் போயி, குலுங்கின குலுங்கல்ல வலி எடுத்துருச்சு. அன்னைக்கு இந்தச் சட்டம் எங்க போயிருந்துச்சு?" என்றாள். வீராயி பெரியம்மா பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார். டீச்சர் விசில் ஊதினாள். "நீங்கள் நீதிமன்றம், இப்போது பேசக்கூடாது." இந்தப் பெரியம்மாவை ஒருவர் வாயை மூடச் சொல்லி, அவரும் மூடிக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கை தூக்கச் சொன்னார்கள். என் அப்பா அந்த மலையிலேயே பிறந்து அங்கேயே கட்டையில் போனவர், ஆயுளில் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. தேர்தல் அன்று மற்றவர்கள் வரிசையில் நிற்பதை லயத்து வாசலில் இருந்து பார்ப்போம், அவ்வளவுதான். இங்கே வந்தும் அதுவரை பட்டியலில் பேர் ஏறவில்லை. ஆகவே அது என் முதல் ஓட்டு. ரிப்பன் குத்திய விளையாட்டு ஓட்டாக இருந்தால் என்ன? கையைத் தூக்கியபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. எண்ணி முடித்த பிறகும் இறக்க மனமில்லாமல் வைத்திருந்தேன். "போதும் அக்கா, இறக்குங்கள், நிறைவேறிவிட்டது" என்றாள் டீச்சர். அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்குமே கை வலிக்க நின்றதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. எப்போதும்போல் வீராயி பெரியம்மா மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் எப்போதும்போல் பின்னால் கம்பியைப் பிடித்தேன். பாண்டி அண்ணன் ஜீப்பை எடுக்கவில்லை. இறங்கி வந்து பெரியம்மா முன்னால் நின்றார்.

"ஆத்தா, எந்திரிங்க. சட்டம் வந்துருச்சு."

"என்னலே சட்டம்? நேத்து வெளையாண்டதுக்கு இன்னைக்கு எதுக்கு எந்திரிக்கணும்?"

"நீங்க வெளையாண்டீக. நான் சூடம் அடிச்சிருக்கேன். சொன்ன வாய மாத்தச் சொல்றீகளா?"

சூடத்துக்கு எதிர்ப் பேச்சு இந்த ஊரில் யாரிடமும் இல்லை. பெரியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் திரும்பி, "நான் கேசு போடுவேன்" என்றார்.

"யாருகிட்ட ஆத்தா போடுவீக?"

"எங்கிட்டத்தான்!"

ஜீப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் எழுந்த இடம் இன்னும் சூடாக இருந்தது, அதில் உட்காரக் கூச்சமாக இருந்தது. ஆனால் வண்டி மேலே ஏற ஏற என் கூச்சம் கரைந்துபோனது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்னால் தொங்கிப் போனபோது நான் பார்த்ததெல்லாம் என் கையையும் கம்பியையும்தான். உள்ளே இருந்து பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. போடி ஊரும், தென்னந்தோப்புகளும், நெல்வயல்களும் வெயில் ஏறாத வெளிச்சத்தில் கிடந்தன. எவ்வளவு அழகான ஊரில் வந்து குடியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க வீராயி பெரியம்மா, பின்னால் படியில் தொற்றிக்கொள்ள மனமில்லாமல், இரண்டாம் நடையில் வந்து மேட்டுக் காட்டில் காய் எடுத்தார். சாயங்காலம் காலில் உப்பைத் தேய்த்து அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே என்னைக் கடந்து போவார், ஒரு பேச்சுக் கிடையாது. விஷயம் காதுக்கு எட்டி, நடுவாரத்தில் டீச்சர் ஜீப்பு நிற்கும் இடத்துக்கே பதறிக்கொண்டு வந்தாள். "அண்ணே, அது வெறும் பாடம்ணே. வகுப்போட விட்டுருங்கண்ணே" என்று கெஞ்சினாள். "பாடத்த ஒழுங்காப் படிச்சா வேணாங்குறீகளே டீச்சர்" என்றார் பாண்டி அண்ணன். என் வீட்டுக்காரருக்கும் பயம் வந்துவிட்டது. பிழைக்க வந்த ஊரில் பகை வேண்டாம், இடத்தை விட்டுக்கொடுத்துவிடு, நானே உன்னைப் பின்னால் பிடித்துக்கொள்கிறேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது. "சபைக்கு வணக்கம்னு சொன்னது நீங்கதானே? நான் தூக்கின கையை இறக்கமாட்டேன். அந்தம்மா கோர்ட்டுல சொல்லட்டும், எந்திரிக்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டேனே ஒழிய, தூக்கம் வரவில்லை. வழக்குப் போட்டவரே நீதிபதி. தீர்ப்பு எப்படி வரும் என்று யாருக்குத் தெரியாது? மறுபடி கம்பியைப் பிடிக்க வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன், வயிறு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நிற்க இடமில்லை. வகுப்பில் சேராதவர்களும் ஜன்னலில் தொங்கினார்கள். வீராயி பெரியம்மா தலை வாரி, பூ வைத்து, வெள்ளை ரிப்பனோடு வந்து டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனாள். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்றாள். பெரியம்மா அவளை நிதானமாகப் பார்த்தார். "எங்க மாமனாரு ஊருல நியாயம் சொன்னவரு. பெத்த மகனுக்கே அவதாரம் போட்டாரு. அந்த மகனத்தான் நான் கட்டியிருக்கேன். நீ அந்த ஊதலக் கீழ வையி" என்றார். டீச்சர் விசிலைக் கீழே வைத்தாள். ('அவதாரம்' என்றால் இங்கே அபராதம். எனக்கும் முதலில் விளங்கவில்லை, மாமனார் ஏதோ சாமிவேடம் போட்டவர் என்றுதான் நினைத்தேன்.)

பிறகு நடந்ததை நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். பெரியம்மா நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் வந்து நின்றார். காலி நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார். "கோர்ட்டு ஐயா, நான் இந்த மலைக்கு நடந்து ஏறுனவ. எம் பாதம் பட்ட பாதையிலதான் இன்னைக்கு ஜீப்பு ஓடுது. அந்த மூலை எடம் எனக்கு யாரும் குடுத்ததில்ல, நானா சம்பாரிச்சது. சட்டம் போட்டாங்களாம் சட்டம். யாரு கை தூக்கினா? சிலோன்காரங்க. அவுகளுக்கு ஓட்டு இருக்கா? ஓட்டு இல்லாத கை தூக்குன சட்டம் செல்லுமா?"

எங்களிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் எழுந்தார். "கடுதாசி இருக்கு தம்பி. ஓட்டு இருக்கா?" என்றார் பெரியம்மா. என் வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா பொய் எதுவும் சொல்லவில்லையே. அங்கே கேட்ட அதே கேள்விதான், கடல் தாண்டி நம் ஆட்களின் வாயாலேயே கேட்கிறேன் என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

பெரியம்மா மறுபடி போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பாயில் நின்று கத்தியவரை இவருக்குத் தெரியாததுபோல இருந்தது முகம். என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"இது தலைப்பிரசவமா?"

"ஆமாங்க."

"தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகணும்ல. எப்பப் போற?"

"எங்கம்மா சிலோன்லதான் இருக்கு. கப்பலேறி வந்தவங்கள திரும்ப அங்க போக விடமாட்டாங்க" என்றேன்.

"அப்ப புள்ள எங்க பொறக்கும்?"

"இங்கதான். போடியில."

நீதிமன்றம் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தது. பிறகு தொடையில் தட்டித் தீர்ப்புச் சொன்னது. "கேட்டுக்கிருங்க. போடியில பொறக்குற புள்ள போடிக்காரப் புள்ள. அதுக்கு ஓட்டு உண்டு, இன்னைக்கு இல்லாட்டியும் வளந்தா உண்டு. நம்ம ஊருப் புள்ளைக்கு முதல் நடையில எடம் குடுக்கணும், அந்த மூலைதான் குலுங்காத எடம், அதையே குடுக்கணும். தாய்க்காரி சிலோன்காரி. அவளுக்கு அந்த எடத்துல பாத்தியதை கெடையாது. ஆனா புள்ளைய மட்டும் ஏத்திவிட்டு அவள ரோட்டுல நிப்பாட்ட முடியாதுல்ல. கூடவே ஏறிக்கிறட்டும்."

அறை வெடித்துச் சிரித்தது. டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இப்படி ஒரு தீர்ப்பு இல்லை என்றாள். நானும் சிரித்தேன், அழவும் செய்தேன், எது முதலில் வந்தது என்று தெரியாது. இதற்குள் பெரியம்மா நாற்காலியை விட்டு இறங்கி மறுபடி பாய்க்கு வந்துவிட்டார். வழக்கில் தோற்றுவிட்டாரே! "இந்தக் கோர்ட்டு ஓரவஞ்சனை பண்ணுது, எவ குடுத்தா இதுக்கு வெள்ள ரிப்பனு?" என்று சத்தம் போட்டுக்கொண்டே வெளியே போனார். தெருமுனை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. மந்திரிசபையும் நீதிமன்றமும் ஏன் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்கு நன்றாகச் சொல்லத் தெரியும். அதைவிட நன்றாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஒரு மனுஷி தனக்குள்ளேயே வழக்குப் போட்டவரையும் நீதிபதியையும் வைத்துக்கொண்டு, நீதிபதி மற்றவரைத் தோற்கடிக்கும்படி விட முடியும். அதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் பேர்களும் பின்னால் பட்டியலில் ஏறின, வரிசையில் நின்று நிஜமாகவே ஓட்டுப் போட்டேன். அன்று தூக்கிய கைக்கு இருந்த சிலிர்ப்பு அந்த மை வைத்த விரலுக்கு இல்லை.

தீர்ப்புக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை, நான் மூலையில் ஏறி உட்கார்ந்தேன். வீராயி பெரியம்மா இரண்டாம் நடைக்காகச் சாலையோரம் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். வண்டி நகரும்போது கிட்டே வந்து, கம்பி வழியே கையை விட்டு என் வயிற்றைத் தொட்டார். "அப்பு, வெரசா வளந்து வா. அதுவரைக்கும் ஓன் எடத்த இந்தச் சிலோன்காரி பாத்துக்கிருவா" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. முந்தலைத் தாண்டி முதல் வளைவில் ஜீப்பு திரும்பியதும் உள்ளே பிள்ளை புரண்டது, உட்கார வசதியாகத் தள்ளிக்கொள்வதுபோல. அதற்குப் பாத்தியதை இருந்தது, எனக்கு இல்லை. போடிமெட்டு வரும்வரை நான் என் பிள்ளையின் மடியில் உட்கார்ந்துதான் போனேன்.